பதினாலாவது சுற்று

இந்த பஸ் லட்சுமி மில் சிக்னல்ல நின்னு பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லலை, கடிகாரத்தைப் பாத்துத்தான் சொல்றேன். நாப்பத்தஞ்சு வருஷம் கார் பந்தயத்துக்குப் பின்னாடி திரிஞ்ச கை, பல்லு வெளக்கற நேரத்தைக்கூட அதுவா எண்ணிக்கும். பன்னெண்டு நிமிஷத்துல நல்ல வண்டி ஒண்ணு பழைய ஓடுதளத்தை ஆறு சுத்து சுத்திட்டு வந்துரும். நான் என்னடான்னா சன்னலோரம் உக்காந்து ஒரே எளநிக் கடையை வெறிச்சுட்டிருக்கேன். வேகத்தைப் பத்தி எழுதியே வயித்தைக் கழுவின திருமூர்த்தி, டவுன் பஸ்ல, மேம்பாலம் கட்டற தூசிக்குள்ள. பக்கத்து சீட்டுக்காரர் வேற தூங்கித் தூங்கி என் தோள்ல சாயறார். மடியில புரூப் கட்டு. என் புஸ்தகம், நானூத்திச் சொச்சம் பக்கம், நான் பாத்த பந்தயம் அத்தனையும். பீளமேட்டுல ஆறுச்சாமி அச்சாபீசு. "பன்னெண்டு மணிக்குள்ள கொண்டாந்து குடுத்துருங்கண்ணா, அதுக்கு மேல எங்கையில ஒண்ணும் இல்ல, அச்சடிக்கப் பிளேட் போட்டுருவேன்"னு காலைலயே போன் போட்டுட்டான். இப்ப மணி பதினொண்ணு பத்து. எல்லாப் பக்கமும் திருத்தி முடிச்சாச்சு, ஒரு பக்கத்தைத் தவிர. எரநூத்திப் பன்னெண்டாம் பக்கம். அதுல நான் எழுதியிருக்கறது பொய். பொய்னு தெரிஞ்சே எழுதினது, நாப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி பேப்பர்ல ஒருக்கா, இப்ப புஸ்தகத்துல இன்னொருக்கா. அதை அப்படியே விடறதா, அடிச்சு எழுதறதான்னு பீளமேடு வர்றதுக்குள்ள முடிவு பண்ணோணும். பஸ் இந்த லட்சணத்துல போனா முடிவு பண்ண நேரத்துக்குக் கொறைச்சல் இல்ல.

பக்கத்தைப் பிரிச்சா அந்த வரி முழிச்சுட்டு நிக்குது. "பதினாலாவது சுற்றில் ஏழாம் எண் கார் கோட்டைக் கடக்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்." கண்ணால பாத்தவனாம். நல்லா வருது வாயில. ஏழாம் எண் யாரு? நந்தகோபால், என் நந்து, ஊருக்கெல்லாம் இப்ப பம்ப்செட் பவுண்டரி மொதலாளி, அப்ப இந்தியாவுலயே மழையில கார் ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு. ஞாயித்துக்கெழமை மேடையேறி இந்தப் புஸ்தகத்தை வெளியிடப்போறதும் அவந்தான். எண்பத்திரண்டு, மாசி மாசம். மெட்ராசுக்கு வடக்க, யுத்த காலத்து விமான ஓடுதளம், இருவது சுத்துப் பந்தயம். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ஏது, கேமரா ஏது. லேப் சார்ட்னு ஒரு பெரிய கட்டம் போட்ட பேப்பர், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வரிசை. கோட்டைத் தாண்டற கார் நம்பரை, தாண்டற வரிசைப்படி எழுதிட்டே போகோணும். கண்ணு பாதையில இருக்கும், கை அதுபாட்டுக்குப் பேப்பர்ல ஓடும். அதிகாரபூர்வமா நேரம் குறிக்கறவங்க ஒண்ணு எழுதுவாங்க, என்னை மாதிரி பேப்பர்காரன் தனக்குன்னு ஒண்ணு எழுதிக்குவான். எங்க கூட்டத்துல சாமி சத்தியம் மாதிரி ஒரே ஒரு வழக்கம்: பாக்கலைன்னா கட்டத்தை வெறுசா விட்டுரோணும். தும்மல் வந்துச்சா, கண்ணுல தூசி விழுந்துச்சா, பரவால்ல, விடு. ஊகத்துல ரொப்பக் கூடாது. அதிகாரிங்க சார்ட்டுல ஒரு வரிசை வெறுசாக் கெடந்தா, அந்தக் காருக்காரன் ஆளுங்க பிட்டுல, அதான் பாதையோரம் வண்டியைச் சரி பாக்கற எடத்துல, எண்ணி வெச்சிருக்கற கணக்கை ஏத்துக்குவாங்க. நந்துவோட மெக்கானிக் எண்ணினது இருவது சுத்து. அதாவது நந்து மொதல்ல வந்தான், பந்தயம் அவனுது, அந்த வருஷப் பட்டமும் அவனுது. ஆனா பதினாலாவது வரிசையை ஒருத்தன் பாக்காமயே ரொப்பி வெச்சிருந்தான். அந்த மகராசன் நாந்தான்.

ஏன் பாக்கலை? கண்டக்டர் கேட்டா டிக்கெட்டுக்குப் பதிலா இதைச் சொல்லிருவேன் போல இருக்கு. வத்சலாவைப் பாத்துட்டிருந்தேன். அவ்வளவுதான். வத்சலா காலேஜுல கணக்கு சொல்லிக் குடுத்தவ, அவங்கப்பா பந்தயக் கிளப்பு மெம்பரு, அதனால மூணு வருஷமா அவதான் அதிகாரபூர்வமா நேரம் குறிச்சா. தகரக் கூரை, கீழ நீள மேசை, அவளுக்கு அடுத்த நாற்காலி எனக்கு. வருஷத்துல ரெண்டு நாள், மூணு வருஷம். கூட்டிப் பாத்தா ஆறே நாள் அவ பக்கத்துல உக்காந்திருக்கேன். அந்த ஆறு நாளை வெச்சுத்தான் மிச்சத்தை ஓட்டியிருக்கேன். அன்னிக்கு மழை எங்கிருந்து வந்துச்சோ, மாசியில எவன் எதிர்பாத்தான்? மேசைக்கு அடியில தண்ணி ஓடுது. அவ செருப்பைக் கழட்டிப்போட்டு நாற்காலிக் கம்பி மேல காலைத் தூக்கி வெச்சிருந்தா. ஸ்டாப்வாட்ச் நாடா அறுந்துபோயி, கான்வாஸ் ஷூ கயித்தைக் கட்டிக் கழுத்துல மாட்டியிருந்தா. "என்னங்க மூர்த்தி, உங்க பக்கம் மட்டும் மழை ஆளைப் பாத்துப் பெய்யுதா?"ன்னா. கூரை அவ பக்கந்தான் ஒழுகுச்சு. எடம் மாத்திக்கலாம்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள பதிமூணாவது சுத்துக் காருங்க வந்துருச்சு, எழுதினோம், ரெண்டு பேரும். பதினாலாவது சுத்து ஆரம்பம். தூரத்து வளைவுல ஏழாம் நம்பர் வழுக்கிச் சேத்துல எறங்கிருச்சுன்னு ஒலிபெருக்கியில கத்தினாங்க. உடனே வெளிய வந்தானா, ஒரு சுத்து நேரம் பூரா சேத்துலயே கெடந்தானா, தெரியலை; அங்க கொடி பிடிச்சிருந்த ஆளு மழைக்கு மரத்தடியில ஒதுங்கிட்டாரு. அப்ப வத்சலா பேப்பர் மேல ஒரு சொட்டு விழுந்துச்சு. முந்தானையில ஒத்தினா மை கலைஞ்சுரும்னு, குனிஞ்சு மெதுவா ஊதினா. ஊதறப்ப உதடு குவிஞ்சு, நெத்தி முடி ஒண்ணு பறந்து பறந்து விழுது. அதைப் பாத்தேன். எவ்வளவு நேரம்னு கேட்டா சொல்ல முடியாது, என் வாழ்க்கையில நேரம் தெரியாமப் போனது அந்த ஒரு தடவைதான். காதுல என்ஜின் சத்தம் கிழிச்சுட்டுப் போகுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஐயையோன்னு ஒரு பயம். பாத்துட்டான்னா என்ன நெனைப்பா? அவ நிமிர்றதுக்குள்ள சட்டுனு குனிஞ்சு, ரொம்ப மும்முரமா எழுதறவன் மாதிரி பதினாலாவது வரிசையை ரொப்பினேன். முந்தின வரிசையைப் பாத்துப் பாத்து. ஏழை விட்டுட்டேன், சேத்துல கெடக்கறான்தானேன்னு.

பந்தயம் முடிஞ்சு தகராறு. நந்து ஆளுங்க இருவதுன்னாங்க, அடுத்த கார்க்காரன் ஆளுங்க பத்தொம்பதுன்னாங்க. கூடாரத்துக்குள்ள மூணு நடுவருங்க, ஈரச் சட்டையோட. வத்சலா பேப்பரை நீட்டினா. பதினாலாவது வரிசையில ஒரு நம்பர்கூட இல்ல. "என்னம்மா இது?" "பாக்கலைங்க சார்." அவ்வளவுதான் சொன்னா. மழைன்னு சொல்லலை, மை கலைஞ்சுதுன்னு சொல்லலை. அப்பத்தான் அதுல ஒருத்தர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. "மூர்த்தி, நீங்க எழுதியிருப்பீங்களே." எழுதியிருந்தேனே. அழகா, முத்து முத்தா. குடுத்தேன். அப்ப வாயைத் தொறந்து "சார், அந்த வரிசை மட்டும் நான் பாக்கலை"ன்னு சொல்ல எத்தனை செகண்டு ஆகும்? நாலு. நாலு செகண்டுல என்னால சொல்ல முடியலை, ஏன்னா அடுத்த கேள்வி தெரியும், பாக்காம என்னய்யா பண்ணிட்டிருந்தேன்னு கேப்பாங்க, அவ அங்கயே நிக்கறா, அவங்கப்பாவும் நிக்கறாரு. அப்பறம் இன்னொண்ணும் இருக்கு, அதை மறைச்சு என்ன ஆகப்போகுது: "நீங்க எழுதியிருப்பீங்களே"ங்கற அந்தப் பேச்சு எனக்கு இனிச்சுது. நந்துவுக்கு ஒரு சுத்து கொறைச்சாங்க, பந்தயம் போச்சு, பட்டம் போச்சு. "பொம்பளப் புள்ளைங்களை உக்கார வெச்சா இப்படித்தான்"னு ஒருத்தன் அவ காதுபடவே சொன்னான். அவ கழுத்துல இருந்த ஸ்டாப்வாட்சைக் கழட்டி, ஷூ கயித்தோட மேசை மேல வெச்சுட்டுப் போனா. அடுத்த வருஷம் அந்த நாற்காலியில வேற யாரோ. பந்தயம் முடிஞ்ச வைகாசியிலயே அவளுக்குக் கல்யாணம்னு பத்திரிகை வந்துச்சு, மாப்பிள்ளை வால்பாறையில எஸ்டேட் மேனேஜர். எனக்கு மெட்ராசுல பெரிய பத்திரிகையில வேலை வந்துச்சு. கட்டம் தவறாத மூர்த்தின்னு பேரு. அந்தப் பேரைச் சொல்லி எவனாவது கையைக் குலுக்கினா, கையைச் சட்டையில தொடைச்சுக்கலாமான்னு இருக்கும்.

அட, நகருது. நகந்துருச்சு. ரெண்டு கார் தூரம். மறுபடி பிரேக். பக்கத்துக்காரர் தூக்கத்துலயே என் மேல விழுந்து, தூக்கத்துலயே எந்திரிச்சுக்கறார், குடுத்து வெச்ச மனுசன். எங்கெல்லாம் போனேன்! பூனா, கல்கத்தா, மக்காவு, ஒரு தடவை ஐரோப்பா வரைக்கும், கடன் வாங்கின கோட்டைப் போட்டுட்டு. ட்ரங்க் கால்ல கத்திக் கத்திச் செய்தி சொல்லியிருக்கேன்; அந்தப் பக்கம் எழுதறவன் "கியர் பாக்ஸ்"ங்கறதை ஆளு பேருன்னு நெனைச்சுத் திரு. கியர்பாக்ஸ்னு போட்டு, அது அப்படியே அச்சாயி, வாரக்கணக்குல எங்க போனாலும் திரு. கியர்பாக்ஸ் சௌக்கியமான்னு கேட்டானுங்க. சிரிச்சிருக்கேன். ஒருத்தன் எரிஞ்சு செத்ததையும் பாத்திருக்கேன், அன்னிக்கு ராத்திரியே ஐநூறு வார்த்தை எழுதிக் குடுத்துட்டுச் சாப்பிட உக்காந்தவன் நான், சோறு எறங்கலை. ஒரு தடவைகூடப் பந்தயக் கார்ல உக்காந்து ஓட்டினதில்ல. ஓட்டுறியாடான்னு நந்து எத்தனையோ வாட்டி கேட்டிருக்கான், எனக்குத் தைரியம் வந்ததில்ல. எனக்குத் தெரிஞ்சது பக்கத்துல உக்காந்து பாக்கறது. அதுலயும் பாக்க வேண்டிய நேரத்துல பாக்கலை. எழுதினது எல்லாம் யாருக்கு? லட்சம் பேர் படிக்கறான்னு ஆசிரியர் சொல்வாரு. எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன். வால்பாறைக்குப் பேப்பர் மத்தியானத்துக்கு மேலதான் போய்ச் சேரும், நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறோணும் பஸ். மூணு மணிக்கு மேல எஸ்டேட் பங்களாவுல யாராவது பிரிப்பாங்க. வெளையாட்டுப் பக்கத்தை அவ திருப்புவாளா, சமையல்காரன் பொட்டலம் கட்டக் கிழிச்சிருப்பானா? மூணு மணி ஆனா எங்க இருந்தாலும் கடிகாரத்தைத் திருப்பிப் பாப்பேன். மக்காவுல இருந்து எழுதினப்ப மழை பெஞ்சுதுன்னு ரெண்டு வரி சேத்தேன், மழைக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமே இல்ல, சாரல் பாதையைக்கூட நனைக்கலை. அவ படிச்சா புரியும்னு ஒரு கிறுக்கு. கல்யாணம் பண்ணலை. கார் கம்பெனிக்காரன் பொண்ணு தருவான்னு காத்திருக்கான்னு கிண்டல் பண்ணிப் பண்ணி ஆபீசுக்காரனுங்களே ஓஞ்சுட்டானுங்க. எனக்கு அவ வேணும்னு இருந்துச்சு. இன்னிக்கும் இருக்கு. அறுவத்தொம்பது வயசுல, சர்க்கரை மாத்திரையை மறந்துட்டு வந்த கெழவனுக்கு, டவுன் பஸ்ல, இப்படி ஒரு ஏக்கம் மிச்சமிருக்கும்னு எவனாவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

சரி, அவளை விடு. நந்துவுக்கு என்ன பதில்? போன வாரம் வீட்டுக்கு வந்தான், மேடையில என்ன பேசோணும்னு கேக்க. காபி குடிச்சுட்டு அவனாத்தான் ஆரம்பிச்சான். "மூர்த்தி, எண்பத்திரண்டை எழுதியிருக்கயா?" எழுதியிருக்கேன்னேன். "நான் ரொம்பக் காலம் உன்ற மேல கோவமா இருந்தேன்டா. சொன்னதில்ல. சேத்துல இருந்து உடனே வெளிய வந்தேன், உங்க மேசையைத் தாண்டினேன், அது எனக்குக் கண்ணுல நின்னுச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தேன். அந்தப் புள்ளைக்கு வேணா கவனம் தப்பியிருக்கும், நீ தப்புவயா? நாந்தான் மழையில எண்ணிக்கையை விட்டிருப்பேன். மனுசனுக்கு வேணுங்கறதை மனசு எண்ணிக்கும் பாரு." சொல்லிட்டுச் சிரிச்சான். தம்ளரைத் தானே கழுவி வெச்சான், அவன் பழக்கம் அது. நான் அந்தத் தம்ளரைத் தொடைச்சு வெச்சேன். அவன்கிட்ட இருந்து பட்டத்தைப் பிடுங்கினதுகூடப் பரவால்லை, தகரத்துல செஞ்ச கோப்பை, எங்கயாவது துருப்பிடிச்சிருக்கும். அவன் கண்ணால பாத்ததை அவனே நம்பாதபடி ஆக்கிட்டேனே. அதுக்கப்பறம் அவன் காரே எடுக்கலை. அப்பா கூப்பிட்டாரு, பவுண்டரிக்குப் போயிட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னான். ஒரு தடவை, குடிச்சிருந்தப்ப, "நான் எத்தனாவது சுத்துல இருக்கேன்னே தெரியாதவன் எதுக்கு ஓட்டோணும்"னான். நான் அன்னிக்கும் வாயைத் தொறக்கலை. என்னைப் பந்தயப் பத்திரிகைக்காரன்னு சொல்றதுக்குப் பதிலா வாய் தைச்சவன்னு சொல்லலாம்.

இதுவரைக்கும் செரி, பழைய பாவம், பழைய மாதிரியே கெடந்திருக்கும். நாலு நாளைக்கு முன்னாடி அந்தக் கவர் வரலைன்னா. புஸ்தகத்துக்குப் பழைய போட்டோ, பேப்பர் இருந்தா அனுப்புங்கன்னு பத்திரிகையில கேட்டிருந்தேன். யார் யாரோ அனுப்பினாங்க. உடுமலையில இருந்து ஒரு பழுப்புக் கவர். உள்ள நாலா மடிச்ச லேப் சார்ட். எண்பத்திரண்டு. அவ கையெழுத்து, எட்டு போட்டா மேல ஒரு சின்ன கொக்கி இருக்கும், அதே கொக்கி. கூட ஒரு துண்டுச் சீட்டு: "தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது, நான் இப்போது மகளோடு இருக்கிறேன். வத்சலா." கீழ போன் நம்பர். வேற ஒண்ணும் இல்ல. நாப்பத்திரண்டு வருஷமா நான் நெனைச்சுட்டிருந்தது என்னன்னா, மழைச் சொட்டு விழுந்து அந்த வரிசை நாசமாயிருக்கும், பாவம், அதைச் சொல்லாம அவ பழியை ஏத்துக்கிட்டான்னு. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். சொட்டு விழுந்தது பதினொண்ணாவது வரிசையில. அது லேசா மங்கியிருக்கு, அவ்வளவுதான். பதினாலாவது வரிசை சுத்தமா இருக்கு. ஈரமில்ல, கறையில்ல. பேனா பட்டதுக்கே அடையாளம் இல்ல. பன்னெண்டு கார் கண்ணு முன்னாடி போயிருக்கு, ஒரு நம்பரைக்கூட எழுதலை. ஊதி முடிச்சு நிமிர்ந்தவ முன்னாடி பாதைதான இருந்துச்சு? எங்க பாத்தா? இந்த நாலு நாளா இதே கேள்விதான். ராத்திரி பாதித் தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்கறேன். எனக்கு அனுப்பினதுக்கு அர்த்தம் என்ன? உன் பொய் எனக்குத் தெரியும்டான்னு சொல்றாளா? கேட்டுரலாம். கேட்டு, ஆமான்னுட்டா? நாப்பத்திரண்டு வருஷம் நான் நெஞ்சுல வெச்சிருந்தவ, என்னைத் திருட்டுப்பயன்னு நெனைச்சுட்டே அத்தனை வருஷமும் இருந்திருக்கான்னு தெரிஞ்சா, மிச்ச நாளை எதை வெச்சு ஓட்டறது? நவ இந்தியா வந்தாச்சு. பதினொண்ணு முப்பத்தஞ்சு. ஆறுச்சாமிகிட்ட இருந்து ரெண்டு தடவை போன் அடிச்சு நின்னுருச்சு. போடு மூர்த்தி. சாகப்போற காலத்துல என்னடா வெக்கம். நம்பரை ஒவ்வொண்ணா அமுக்கினேன், ஒருக்காத் தப்பாப் போயி யாரோ பேங்க்குன்னாங்க.

"அலோ, யாருங்க?" கொரல் தடிச்சிருக்கு, ஆனா அவதான். "வத்சலாங்களா? நான் மூர்த்திங்க. திருமூர்த்தி." தூரத்துல குக்கர் விசில் அடிக்குது. "தெரியுதுங்க. கவர் வந்துருச்சுங்களா?" வந்துச்சுன்னேன். அப்பறம் பஸ்சு, கூட்டம், பக்கத்து ஆளு எதையும் பாக்காம ஒரே மூச்சுல சொன்னேன்: "அன்னிக்குப் பதினாலாவது வரிசையை நான் பாக்காம எழுதினேனுங்க. பொய்யா ரொப்பினேன். உங்களுக்குப் பேரு கெட்டது என்னாலதான்." "தெரியுமுங்க"ன்னா. சாதாரணமா, பால்காரன்கிட்டச் சொல்ற மாதிரி. "எப்படிங்க தெரியும்?" "நீங்க தலையைத் தூக்காமயே எழுதினீங்க. பன்னெண்டு காரும் போற வரைக்கும் ஒருக்காக்கூடத் தூக்கலை. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்." பஸ் பள்ளத்துல எறங்கி ஏறுச்சு. போனைக் காதோட அழுத்திப் பிடிச்சுட்டேன். "அதனாலதானுங்க என் வரிசை வெறுசு" ன்னா. "பாதையைப் பாக்கலை. உங்களைப் பாத்துட்டிருந்தேன்." சம்பந்தமில்லாம ஒண்ணைக் கேட்டேன். "அப்பவே நடுவருங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே, மூர்த்தி பாக்காம எழுதினான்னு." "சொன்னா, அவர் பாக்கலைங்கறது உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்களே. எங்கப்பா பக்கத்துல நிக்கறாரு. வைகாசிக்கு நிச்சயம் பண்ணியாச்சு. என்னன்னு சொல்வேன்?" அப்பறம் லேசா சிரிச்சா. "நீங்களும் பாத்தீங்கதானுங்களே? நான் ஊதிட்டிருந்தப்ப. பக்கத்துல ஆள் அசையாம இருந்தா தெரியாதுங்களா? நீங்க பாத்தப்ப நான் குனிஞ்சிருந்தேன், நான் பாத்தப்ப நீங்க குனிஞ்சுட்டீங்க. நடுவுல நாலு செகண்டு இருக்கும்." நாலு செகண்டுன்னா நாலு செகண்டுதான். அவளை மாதிரி நேரம் குறிக்க நான் எந்த நாட்டுலயும் ஆளைப் பாத்ததில்ல.

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?"ன்னா. புஸ்தகத்தைச் சொன்னேன், நந்துவைச் சொன்னேன், மழையில நாந்தான் எண்ணிக்கையை விட்டிருப்பேன்னு அவன் சொன்னதையும் சொன்னேன். "அடப் பாவமே"ன்னு ரெண்டு தரம் சொன்னா. "அச்சாபீசுல குடுத்துட்டு நேரா நந்து பவுண்டரிக்குப் போறேனுங்க. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன். ஆனா என்ன எழுதறதுன்னுதான்..." "எழுதுங்க, நான் இருக்கேன்"னா. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிட்டு, புரூப் கட்டை முழங்கால் மேல வெச்சு, எரநூத்திப் பன்னெண்டுல அந்த ரெண்டு வரியையும் குறுக்கால அடிச்சேன். பேனா குதிக்குது, டிரைவர் இப்பத்தான் வேகம் எடுக்கறான், எடுக்க வேண்டிய நேரம் பாரு. ஓரத்துல கோணல்மாணலா எழுதினேன். எழுதி முடிச்சு அவளுக்குப் படிச்சேன். "பதினாலாவது சுற்றில் ஏழாம் எண் கார் கடக்கவில்லை என்று நான் சொன்னது பொய். அந்தச் சுற்றில் நான் பாதையைப் பார்க்கவில்லை. நந்தகோபாலின் ஆட்கள் எண்ணிய இருபது சுற்றே கணக்கு. பந்தயம் அவருடையது. நான் நேரம் குறித்துக்கொண்டிருந்த வத்சலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்." தப்பா எழுதிட்டேனோ, மக வீட்டுல இருக்கறவ, பேரன் பேத்தி படிப்பாங்களேன்னு, "கடைசி வரியை வேணா எடுத்துர்றேனுங்க"ன்னேன். "எடுக்க வேண்டாமுங்க"ன்னா. "நான் உங்களைப் பாத்தேங்கறது அதுல இல்லையே. அதையும் போடுங்க. பாதிக் கணக்கை எழுதக் கூடாதுங்க." போட்டேன். ஹோப் காலேஜ் ஹோப் காலேஜுன்னு கண்டக்டர் கத்தறான், எனக்கு எறங்கற எடம் தாண்டிப்போச்சு, பன்னெண்டுக்குள்ள ஆட்டோ பிடிச்சுத் திரும்பிக்கலாம். பக்கத்துக்காரர் எப்ப முழிச்சாரோ, கண்ணைத் தொறந்து வெச்சுட்டுத் தூங்கற மாதிரி உக்காந்திருக்கார். படிச்சுக் காட்டினேன். "அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்." "மூர்த்தி" ன்னா, அந்தப் பழைய தகரக் கூரைக் கொரல்ல, "பஸ் சத்தத்துல செரியாக் கேக்கலைங்க. இன்னொருக்காப் படிங்க." நல்லாத்தான் கேட்டிருக்கும். நான் இன்னொருக்காப் படிச்சேன்.